தெருவைக் காப்போம்!

தோழர்களே!

நமது தெருக்களில் கஞ்சாப் பொட்டலம் கைமாறுகிறது. இரவு ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் தெருமுனையைக் கடக்க அஞ்சுகிறார்கள். தட்டிக் கேட்டவர் வீட்டில் கல் விழுகிறது.

தனி ஆளாய்ப் போனால் அடிதான் மிச்சம். தெருவே கூடிக் கையெழுத்திட்டு, நாளும் நேரமும் வண்டி எண்ணும் குறித்துப் போலீசில் மனுக் கொடுப்போம். மனு உறங்கினால் ஸ்டேஷன் வாசலில் திரளுவோம். பெயர் வெளிவருமென்று அஞ்சுபவர் தனியே துப்புக் கொடுக்கட்டும். சொன்னவர் யாரென்று வெளியிடும்படி அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது 1985ம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 68வது பிரிவு.

விற்பவன் வேறு, பழக்கத்தில் விழுந்த பையன் வேறு. அவன் நம் பிள்ளை. சிறிதளவோடு பிடிபட்டவனும் சர்க்கார் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குத் தானே முன்வந்தால், வழக்கிலிருந்து விலக்குப் பெற 64ஏ பிரிவு இடமளிக்கிறது.

விற்பவனைச் சட்டத்திடம் ஒப்படைப்போம்! பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவோம்!