வீட்டிலிருக்கும் நேரத்துக்கு ஒரு நிழல்

(கிளைச் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சம்பளத்தையும் சேமநிதியையும் பற்றிப் பேச வேண்டிய மேடையில் செடி கொடியைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது எங்களுக்குத் தெரிகிறது. சிரிக்கட்டும். நாங்கள் பேசப்போவதும் உழைத்துக் களைத்த உடம்பைப் பற்றித்தான்.

விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்காட்டுக்குப் போகிறோம். மரம் சீவி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பப் பகல் ஒரு மணி, இரண்டு மணி ஆகிவிடுகிறது. காட்டில் நின்ற வரையில் தலைக்கு மேலே நிழல் இருந்தது. அந்த நிழல் தோட்டத்துக்குச் சொந்தம். நமக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளும் வீட்டுக்கு வந்து சேர்ந்தால் தகரக் கூரை அடுப்பாகக் காய்கிறது. அஞ்சடியில் உட்கார முடியவில்லை. உள்ளே படுக்க முடியவில்லை. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்பத்துக் கடிகாரங்களை அரைமணி முன்னே தள்ளி வைத்தார்கள் அல்லவா? அதுமுதல் நம் பக்கத்தில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 1.15 மணிக்கு. நாம் சோற்றுத் தட்டின் முன் உட்காரும் நேரமும் அதுவே. அதன் பிறகு வெயில் மேற்கே சாய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஆறரை மணி வரையில் விடுவதில்லை. ஆபீஸ் கிராணிமார் ஐந்து மணிக்கு வருகிறார்கள். அவர்களுக்கு உச்சி வெயில் இல்லை. முகத்திலடிக்கும் மேற்கு வெயில் உண்டு.

ஆகவே நிழல் வேண்டியது நாம் வீட்டிலிருக்கும் நேரத்துக்கு. நம்மில் பலர் இதை யோசிப்பதில்லை. வாசலுக்கு அழகாக இருக்கட்டும் என்று கிழக்குப் பக்கம் மாங்கன்றை நட்டுவிடுகிறோம். அது காலை எட்டு மணிக்கு அருமையான நிழல் தருகிறது. எட்டு மணிக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்? கோழிதான் இருக்கிறது.

ஒரு நாள் ஓய்வில் இதைச் செய்து பாருங்கள். முற்றத்தில் ஒரு கம்பை நட்டு, இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் ஐந்தரை மணிக்கும் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துக் கல் வைத்துக் குறியுங்கள். நாலேகால் மணி வாக்கில் கம்பின் உயரமும் நிழலின் நீளமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஐந்தேகால் மணிக்கு நிழல் ஒன்றே முக்கால் மடங்கு நீண்டுவிடும். இதிலிருந்து ஒரு நல்ல சேதி கிடைக்கிறது. மேற்குச் சுவரைக் காக்க வானளாவிய மரம் தேவையில்லை. சுவரிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நிற்கும் 15 அடி உயர மரமே போதும். ஒரு முருங்கை போதும். நன்றாக வளர்ந்த கறிவேப்பிலை கூடப் போதும்.

இன்னொன்று. நம் நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால், கோலாலம்பூர்ப் பக்கத்தில் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரையில் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே. வடக்குப் பக்கம் எப்போதும் குளிர்ச்சி என்று ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் சொன்னது இங்கே அப்படியே பொருந்தாது. பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் இலை உதிர்த்து நிற்கும்போது காடே வெளுத்துப்போவதை நாம் பார்க்கிறோம். அந்த மாதங்களில் நமக்குக் கைகொடுப்பது வீட்டு நிழல் ஒன்றுதான்.

"சரி, மரம் வளர ஐந்து வருஷம் ஆகுமே?" என்பீர்கள். பால்மரமும் வெட்டுக்கு வர ஐந்தாறு வருஷம் ஆகிறது; அதற்குள் தோட்டத்தார் சும்மா இருக்கிறார்களா? இல்லை. நாமும் மூன்று கையாக வேலை செய்ய வேண்டும். முதற்கை பந்தல். மேற்குப் பக்கம் நாலு மூங்கில் நட்டுக் கம்பி இழுத்துப் பீர்க்கையோ பாகலோ அவரையோ ஏற்றிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் நிழலும் கறியும் வந்துவிடும். இரண்டாவது கை வாழையும் பப்பாளியும். குளிக்கும் தண்ணீர் ஓடுகிற பக்கத்தில் வாழையை வையுங்கள். தனியாக ஊற்ற வேண்டியதில்லை. ஒரு வருஷத்துக்குள் இலை விரித்து நிற்கும். மூன்றாவது கை பழமரம். இதில் அவசரம் கூடாது. ரம்புத்தான் கொட்டையை நட்டு ஆறேழு வருஷம் தண்ணீர் ஊற்றியபின் அது ஆண்மரம் என்று தெரிந்து தலையில் கை வைத்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். ஒட்டுக்கன்று என்றால் என்னவென்று ஆர்.ஆர்.ஐ.எம். 600 மரத்தைச் சீவிய நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. அந்த அறிவைச் சொந்த முற்றத்திலும் பயன்படுத்துவோம்.

பலா, அங்சானா, தூங்குமூஞ்சி மரம் ஆகியவற்றை வீட்டோரம் வைக்க வேண்டாம். வேர் கால்வாயைப் பிளக்கும். புயல் மழையில் கிளை கூரைமேல் விழும்.

தரையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் தாய்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. முற்றத்தை வெள்ளைத் தரையாகப் பெருக்கி வைப்பது நம் வழக்கம். பாம்பு பயம், கோலம் போட இடம், இரண்டும் நியாயமே. வாசலைச் சுற்றிப் பெருக்குங்கள். ஆனால் மூலை முடுக்கெல்லாம் பெருக்கினால் மழை மண்ணை அரித்துக்கொண்டு போகிறது. வெயில் தரையில் பட்டு வீட்டுக்குள் அடிக்கிறது. இளம் பால்மரத்தின் அடியில் புவராரியாக் கொடியும் கலப்பகோனியக் கொடியும் படர விட்டிருப்பதைப் பார்த்திருக்கிறோமே, அது எதற்கு? மண்ணைக் காக்கத்தான். முதலாளியின் மண்ணுக்குப் போர்வை. நம் முற்றத்துக்கு மட்டும் மொட்டை! மரத்தடியில் மஞ்சளும் இஞ்சியும் பாண்டானும் லெங்குவாஸும் நன்றாக வரும். முருங்கை அடியில் வெற்றிலையை ஏற்றிவிடலாம். அது நிழலை விரும்பும் கொடி.

நிழல் வந்தால் காய்ச்சல் வரும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அந்த அச்சத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1901 முதல் கிள்ளான் வட்டாரத்தில் டாக்டர் மால்கம் வாட்சன் மலேரியாவை எதிர்த்துப் பாடுபட்டார். கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டி நீரை வடித்ததும் காய்ச்சல் குறைந்தது. அங்கே இருந்தது நிழலில் தேங்கிய நீரில் பெருகும் கொசு. மலைச்சரிவுத் தோட்டங்களில் அதே போல் வெட்டவெளியாக்கியதும் காய்ச்சல் கூடிவிட்டது. அங்கே இருந்தது வெயில் படும் ஓடை நீரை நாடும் வேறு கொசு. மரத்தைக் குற்றம் சொல்வதற்கில்லை. நீரைத்தான் கவனிக்க வேண்டும். இன்றைய டிங்கிக் கொசுவுக்கு வீசியெறிந்த பால் மங்கும், தேங்காய்ச் சிரட்டையும், பூந்தொட்டியின் அடித்தட்டும் போதும். வாரம் ஒரு முறை எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். இதைச் செய்ய மனமில்லாதவர் தோட்டம் போட வேண்டாம். அண்டை வீட்டுப் பிள்ளைகளும் அங்கே விளையாடுகிறார்கள்.

இனி, போன கூட்டத்தில் ஒரு தோழர் எழுந்து கேட்ட கேள்விக்கு வருகிறோம். "மண்ணே நமதில்லை, மரம் எதற்கு?" அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. எங்களுக்கும் அன்று உடனே பதில் வரவில்லை.

எங்கள் குடும்பம் இருந்த தோட்டம் 1994-ல் கைமாறியது. லயத்தை இடிக்கப்போகிறோம், இத்தனை நாளில் காலி செய்யுங்கள் என்றார்கள். லயத்தின் கோடியில் எங்கள் தாத்தா நட்ட மாமரம் இருந்தது. அதன் அடியில் கல்யாணப் பந்தல் போட்டிருக்கிறோம். இழவுக்கும் அங்கேதான் பெஞ்சு போட்டோம். மரத்துக்கு நஷ்டஈடு என்று ஒரு காசு எழுதப்படவில்லை. கணக்குப் புத்தகத்தில் அது மரமாகவே இல்லை. லாரி வந்த அன்று அம்மா யாரிடமும் பேசவில்லை. அரிவாளை எடுத்து முருங்கையில் கைத்தடிமன் கிளை நாலைந்தை வெட்டி ஈரச் சாக்கில் சுற்றினார். வாழையடியில் பக்கக்கன்று இரண்டைப் பெயர்த்தார். கறிவேப்பிலை வேர்க்கன்று, மஞ்சள் கிழங்கு, வெற்றிலைக் கொடியின் கணு, எல்லாம் பால் வாளிக்குள் ஏறின. சட்டி பானைக்கு இடமில்லை என்று லாரிக்காரர் சத்தம் போட்டார். சட்டி பானை இறங்கியது, சாக்கு இறங்கவில்லை. இன்று தாமான் வீட்டு வேலியோரம் நிற்கும் முருங்கை அந்தச் சாக்கில் வந்ததுதான்.

ஆகவே அந்தத் தோழருக்கு எங்கள் பதில் இது. தோட்டத்து வீட்டில் இருப்பவர்கள் எடுத்துப்போகக் கூடியதை முதலில் நடுங்கள். கிளையாலும் கன்றாலும் கிழங்காலும் பெருகுவதைத் தூக்கிக்கொண்டு போகலாம். மாவும் ரம்புத்தானும் வைக்க விரும்பினால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள், வாய்ச்சொல் போதாது. மானேஜர் மாறினால் வாய்ச்சொல்லும் மாறிவிடுகிறது. கடிதம் எழுதக் கிளைக் காரியதரிசி உதவுவார். கிராணித் தோழர்களும் கை கொடுக்க வேண்டும்.

தாமான் வீட்டுக்காரர்களுக்குச் சிமெண்டு முற்றம்தான். உடைக்க வேண்டாம். பழைய டிரம்மை அறுத்து, அடியில் துளையிட்டு, மண்ணும் சாணமும் நிரப்பி மேற்கு ஓரத்தில் வைத்தால் பந்தற்கொடிக்கு அதுவே போதும்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டடத்தின் பின்புறம் முருங்கைக் கிளையும் வாழைக் கன்றும் பாண்டானும் கொடுக்கப்படும். காசில்லை. சாக்கு மட்டும் நீங்களே கொண்டு வரவேண்டும்.