முற்றத்தில் தொடங்கும் கல்வி

(மாணவர்களும் பயிற்சி அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



பள்ளிப் பருவத்திற்கு முந்திய கல்வி என்றதும் ஊட்டச்சத்து, எடை, தடுப்பூசி ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆனால் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தை எங்கே விளையாடுகிறது என்ற கேள்வி நம் கோப்புகளில் அரிதாகவே எழுகிறது. இக்கேள்வியை எழுப்பிய முன்னோடிகளுள் சமயப் பற்றுடையோர் பலர். அவர்களிடமிருந்து அரசு எதை ஏற்கலாம், எதை விலக்க வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

ஜெர்மனியைச் சேர்ந்த பிரெடரிக் புரோபெல் (1782-1852) லுத்தரன் திருச்சபைப் பாதிரியாரின் மகன். இயற்கையிலும் மனிதனிலும் இறைவனின் நியதி ஒன்றே இயங்குகிறது; குழந்தை அதனை விளையாட்டின் வழியே உணர்கிறது என்பது அவர் கொள்கை. 1837இல் பிளாங்கன்பர்க்கில் தாம் தொடங்கிய நிலையத்துக்கு 1840இல் ‘கிண்டர்கார்டன்’, அதாவது குழந்தைகள் தோட்டம், என்று பெயரிட்டார். அது வெறும் உவமையன்று. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சிறு பாத்தி; அவற்றைச் சூழ்ந்து எல்லார்க்கும் பொதுவான பாத்திகள். இத்தகைய பக்திமானின் பள்ளிகள் நாத்திகத்தைப் பரப்புவதாகக் குற்றஞ்சாட்டி, 1851இல் பிரஷ்ய அரசு அவற்றைத் தடைசெய்தது. அவருடைய உறவினர் ஒருவரின் எழுத்துகளை அவருடையவையாகக் கருதிக் குழம்பியதும் இதற்கு ஒரு காரணம். 1860இல்தான் தடை நீங்கியது. நேரில் காணாமல் தாள்களைக் கொண்டே முடிவு செய்யும் நிர்வாகத்துக்கு இது ஒரு பாடம்.

கத்தோலிக்கரான மரியா மாண்டிசோரியின் வழியில் 1915இல் பார்சிலோனாவில் தொடங்கிய பள்ளியில், குழந்தைகள் கோதுமை விதைத்தனர். திராட்சைக் கொடிகளைப் பேணினர். அறுவடை, திருப்பலிக்குரிய அப்பமும் இரசமும் ஆயிற்று. மறைபொருளை விளக்கும் சொற்பொழிவுக்குமுன் மண்ணும் மழையும் அங்கே ஆசிரியர்களாயின. இதே அம்மையார் 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

அதற்கு முன்பே, 1920இல், பாவநகரில் கிஜுபாய் பதேகா பாலமந்திரைத் தொடங்கியிருந்தார். அதனை நடத்திய நிறுவனத்தின் பெயர் தட்சிணாமூர்த்தி. கல்லால மரத்தடியில் அமர்ந்த ஆசானின் பெயர் அது. அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக் 1945இல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்துக்குச் சென்றார். ஒடுக்கப்பட்டோரின் குழந்தைகள் பள்ளிக்கு வராததைக் கண்டு, பள்ளியையே அவர்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டு சென்றார். பின்னர்க் கோஸ்பாட்டில் அனுதாய் வாக்குடன் இணைந்து, மாடு மேய்க்கும் வார்லிச் சிறுவர்களுக்கு மேய்ச்சல் நிலத்திலேயே பள்ளி நடத்தினார். ‘அங்கன்’ என்றால் முற்றம். 1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் மையங்கள் அங்கன்வாடி என்னும் பெயரையே தாங்கின.

பெயரில் முற்றம் இருக்கிறது. பல மையங்களில் முற்றம் இல்லை. வாடகைக்குப் பிடித்த ஓர் அறையில், அடுப்பும் மூட்டையும் போக எஞ்சிய இடத்தில் குழந்தைகள் அமர்த்தப்படுகின்றனர். இதற்குப் பணமின்மை மட்டுமே காரணம் என்று பொருளாதாரம் பயின்ற என்னால் ஏற்க இயலவில்லை. எடையும் உணவின் அளவும் பதிவேட்டில் ஏறுகின்றன, விளையாட்டு ஏறுவதில்லை. எண்ணப்படாதது ஒதுக்கீட்டில் இடம் பெறுவதில்லை.

சமயத்தைப் பொறுத்தவரை நம் அரசியலமைப்பு தெளிவாக உள்ளது. முழுவதும் அரசு நிதியால் நடைபெறும் கல்வி நிறுவனத்தில் சமயபோதனை கூடாதென்கிறது 28ஆவது பிரிவு. அங்கீகாரமோ உதவியோ பெறும் நிறுவனத்திலும், காப்பாளரின் இசைவின்றிக் குழந்தையை வழிபாட்டிலோ சமயபோதனையிலோ ஈடுபடுத்தலாகாது. நான்கு வயதுக் குழந்தைக்கு மறுக்கத் தெரியாது. ஆகவே இக்காப்பு அதற்கே மிகவும் தேவை. சமய நிறுவனங்களின் தோட்டங்களை வரவேற்போம். இவ்விதியில் மட்டும் தளர்வு காட்டலாகாது. அதே வேளையில், விதை ஊன்றுவதையும் மழையில் நனைந்த மண்ணைப் பிசைவதையும் எச்சட்டமும் தடுக்கவில்லை. போதனையை விலக்கிய நாம், அதனுடன் தோட்டத்தையும் விலக்கிவிட வேண்டியதில்லை.

இளம் அலுவலர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே: மையத்திற்கு இடம் தெரிவு செய்யும் ஆணையில் கையொப்பமிடுமுன் அங்கே நேரில் சென்று பாருங்கள். நிழல் தரும் ஒரு மரம், வேலியிட்ட சிறு திறந்தவெளி, கைக்கெட்டும் தண்ணீர், பணியாளர் கண்பார்வையில் அமையும் வாயில் ஆகிய நான்கும் உள்ளனவா என்று குறித்துக்கொள்ளுங்கள். இல்லையெனில், அருகிலுள்ள பள்ளியின் திடலையோ ஊராட்சியின் பொது நிலத்தையோ நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமேனும் கேட்டுப் பெறுங்கள். அதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. ஒரு கடிதமும் சற்றே விடாமுயற்சியும் போதும்.