காணொளி வருவாயும் கணக்கேடும்



கூடையிலே நிறைந்திருப்பது வேறு, தராசிலே நிற்பது வேறு, சம்பளத் துண்டிலே ஏறுவது வேறு. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்போர் அனைவரும் இதனை நன்கறிவர். சாக்கின் நிறை கழியும். மழைநாளாயின் ஈரத்தின் நிறையும் கழியும். எஞ்சியதே பேருக்கு ஏறும். ஊழியர் சேமலாப நிதிக்குரிய பங்கும் கழிந்த பின்னரே மிகுதி கைக்கு வரும். இவ்வாறு கழித்துக் கணக்கிட்டு வாழப் பழகிய மக்களின் பிள்ளைகள் சிலர் இன்று தராசும் இல்லாத, சம்பளத் துண்டும் இல்லாத புதியதொரு தொழிலிலே இறங்கியிருக்கின்றனர். காணொளிகளைப் படம்பிடித்து இணையத்தில் வெளியிட்டு வருவாய் தேடுவதே அத்தொழில். அவ்வருவாயை எவ்வாறு மதிப்பிடுவது, அதற்குரிய வரியை எவ்வாறு முன்கூட்டியே கணித்து ஒதுக்குவது என்பதே இன்றைய உரையின் பொருள்.

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பெருந்தெருவிலே இறம்பொடை அமைந்திருக்கிறது. 109 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் அருவியும், ஆஞ்சநேயர் கோயிலும், பள்ளத்தே விரிந்து கிடக்கும் கொத்மலை நீர்த்தேக்கமும் வழிச்செல்வோரை நிறுத்தி வைக்கும் காட்சிகளாகும். உல்லாசப் பயணிகள் வந்து படம்பிடித்துச் சென்ற இக்காட்சிகளை இன்று மலைநாட்டு இளைஞரே உலகுக்குக் காட்ட முடிகிறது. அருவி மட்டுமா? கொழுந்து பறிக்கும் கைகளின் விரைவு, லயத்து அடுப்பிலே சுடும் ரொட்டி, மாசித் திங்களிலே ஆடும் காமன் கூத்து ஆகிய யாவும் காணத்தக்க பொருள்களாகிவிட்டன. கையடக்கத் தொலைபேசி ஒன்றும், அறிவும், உழைப்பும் இருந்தாற் போதும்.

ஆயினும் இவ்வருவாயின் இயல்பை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். யூடியூப் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நீண்ட காணொளிகளிடையே வரும் விளம்பரங்களால் கிடைக்கும் பணத்தில் 55 வீதத்தை அந்நிறுவனம் படைப்பாளருக்கு அளிக்கிறது. குறுங்காணொளிகளுக்கு அளிப்பது 45 வீதம். சேர்ந்த தொகை 100 டொலரை எட்டிய பின்னரே பணம் அனுப்பப்படும். பார்ப்போர் எந்த நாட்டினர், விளம்பரம் கொடுப்போர் எவ்வளவு விலை சொல்கின்றனர் என்பவற்றைப் பொறுத்து வருவாய் ஏறும், இறங்கும். ஆண்டிறுதி விழாக்காலத்தில் விளம்பரம் பெருகும். தை பிறந்ததும் குறையும். டொலரின் மதிப்பும் நிலையாக நிற்பதில்லை. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், சில திங்களுக்குள் 360 ரூபாவளவுக்கு உயர்ந்ததை நாம் அறிவோம். 2025 நவம்பரிலே டித்வா புயல் மலைநாட்டைத் தாக்கியபோது தெருவும் மின்னும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் அறுந்தன. இணையத்தை நம்பிய தொழிலுக்கு அத்தகைய நாள்கள் வேலையற்ற நாள்களே.

இப்படிப்பட்ட வருவாயை எப்படி மதிப்பிடுவது? இரண்டு கணக்குகளைத் தனித்தனியே வைத்துக்கொள்வது நன்று. முதலாவது வீட்டுக் கணக்கு. கடந்த பன்னிரண்டு திங்களின் வருவாயை வரிசையாக எழுதி, அவற்றுள் மிகக் குறைந்த மூன்று திங்களின் சராசரியைக் காணுங்கள். குடும்பச் செலவை அந்த அளவுக்குள் அடக்குங்கள். இரண்டாவது வரிக் கணக்கு. இதற்குப் பன்னிரண்டு திங்களின் முழுத்தொகையையும் கொள்ள வேண்டும். வாழ்வதற்குக் குறைந்த திங்களையும் வரிக்கு முழு ஆண்டையும் அளவாகக் கொள்பவர் பெரும்பாலும் இடர்ப்படுவதில்லை. ஒரு காணொளி திடீரெனப் பல இலட்சம் பேரைச் சென்றடைந்த திங்களை அளவாகக் கொண்டு தவணைக் கடனுக்கு மோட்டார் சைக்கிளோ விலையுயர்ந்த கமராவோ வாங்குவோர்தாம் பின்னர் வருந்துகின்றனர்.

இனி வரியைப் பார்ப்போம். இந்நாட்டில் வருமானவரி 1932 ஆம் ஆண்டிலே விதிக்கப்பட்டது. இப்போது நடைமுறையிலிருப்பது 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமும் அதன் திருத்தங்களுமாகும். வரியாண்டு ஏப்ரில் 1 ஆந் திகதி தொடங்கி அடுத்த மார்ச் 31 ஆந் திகதி முடிகிறது. வெளிநாட்டு நிறுவனங்கள் தரும் ஆண்டுக் கணக்கோ பெரும்பாலும் சனவரியிலே தொடங்குவது. ஆகவே அவர்கள் தரும் ஆண்டுத் தொகையை அப்படியே எடுத்தெழுதாது, திங்கள் திங்களாகப் பிரித்து நம் வரியாண்டுக்கு ஏற்பக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டாருக்குச் சேவை செய்து அந்நியச் செலாவணியாகப் பெற்று, வங்கி வழியாக இந்நாட்டுக்குக் கொணர்ந்த வருவாய் 2025 மார்ச் 31 வரை வரிவிலக்குப் பெற்றிருந்தது. 2025 ஏப்ரில் 1 முதல் அவ்விலக்கு நீங்கியது. அதே நாளிலே, ஒவ்வொருவருக்கும் உரிய தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாவிலிருந்து 18 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. 18 இலட்சத்துக்கு மேற்பட்ட முதல் 10 இலட்சத்துக்கு 6 வீத வரி. அதற்கும் மேற்பட்டதற்கு, மேலே கூறியவாறு வங்கி வழியாக வந்த வெளிநாட்டுச் சேவை வருவாயாயின், 15 வீதமே உயர்ந்த எல்லை. உள்நாட்டில் ஈட்டிய வருவாயாயின் 18, 24, 30 என ஏறி 36 வீதம் வரை செல்லும்.

எடுத்துக்காட்டொன்று கூறுவோம். ஓரிளைஞருக்கு ஓராண்டில் வெளிநாட்டிலிருந்து 30 இலட்சம் ரூபா வந்ததெனக் கொள்வோம். தொழிலுக்கென அவர் செய்த செலவு 4 இலட்சம். எஞ்சிய 26 இலட்சத்தில் நிவாரணமான 18 இலட்சத்தைக் கழித்தால் 8 இலட்சம். அதற்கு 6 வீதம் 48,000 ரூபா. இன்னொருவருக்குச் செலவு போக எஞ்சியது 40 இலட்சம். நிவாரணம் போக 22 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 60,000 ரூபா; மிகுதி 12 இலட்சத்துக்கு 15 வீதப்படி 1,80,000 ரூபா; ஆக 2,40,000 ரூபா. இதே 40 இலட்சம் முழுவதும் உள்நாட்டு விளம்பரக்காரரிடமிருந்து வந்திருக்குமானால் வரி 3,30,000 ரூபாவாகும். இதனாலேயே வெளிநாட்டு வரவையும் உள்நாட்டு வரவையும் கணக்கேட்டில் வெவ்வேறு பத்திகளில் எழுத வேண்டும் என்கிறோம். விடுதியொன்றைப் புகழ்ந்து காணொளி செய்ததற்குக் கைம்மாறாக இலவசத் தங்கலும் உணவும் கிடைத்தால் அதனையும் அதன் பெறுமதியோடு குறித்து வைப்பது முறை. பணமாக வராததெல்லாம் வருவாயன்று என எண்ணுதல் தவறு.

கணக்கு நுணுக்கங்களை அறியாதவருக்கும் எளியதொரு வழி உண்டு. 18 இலட்சத்தைப் பன்னிரண்டாற் பிரித்தால் திங்களுக்கு 1,50,000 ரூபா. செலவு போக எஞ்சும் வெளிநாட்டு வருவாய் எந்தத் திங்களில் அத்தொகையைக் கடக்கிறதோ, அந்தத் திங்களில் கடந்த பகுதியில் நூற்றுக்குப் பதினைந்தை எடுத்து வேறு வங்கிக் கணக்கிலே போட்டுவிடுங்கள். அவ்வருவாய்க்குரிய உயர்ந்த வீதமே பதினைந்து. ஆதலால் ஒதுக்கிய பணம் ஆண்டு முடிவிற் போதாமற் போவதில்லை. பெரும்பாலும் மிஞ்சும். மிஞ்சியது உங்கள் சேமிப்பு. உள்நாட்டு வருவாயும் உடையோர் அதற்கெனக் கூடுதலாக ஒதுக்க வேண்டும்.

வரியை ஆண்டு முடிவில் ஒரே தடவையிற் கட்டுவதில்லை. ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, அடுத்த மே 15 ஆகிய நான்கு திகதிகளில் தவணையாகக் கட்ட வேண்டும். மிகுதி ஏதும் இருப்பின் செப்டெம்பர் 30 க்குள் தீர்த்து, நவம்பர் 30 க்குள் வருமான விபரத்திரட்டை ஒப்படைக்க வேண்டும். முதற்றவணைக்கு முன்னரே ஆண்டு வருவாயை உத்தேசித்துக்கொள்ளல் வேண்டும். இனி வரப்போகும் வருவாயை இப்போதே எப்படிக் கூறுவது என்று சிலர் அஞ்சுவர். அஞ்ச வேண்டியதில்லை. உத்தேசம் என்பது சத்தியக் கூற்றன்று. நேர்மையான மதிப்பீடே அது. சென்ற ஆண்டின் கணக்கை அடிப்படையாகக் கொண்டு ஒரு தொகையைச் சொல்லலாம். இடையிலே புயலாலோ நோயாலோ வருவாய் வீழ்ந்தால் உத்தேசத்தைத் திருத்திக்கொள்ளலாம். ஒன்றுமே கொடாது வாளாவிருந்தால்தான் வட்டியும் தண்டமும் ஏறும்.

கடலுக்கு அப்பாலும் ஒரு வரி உண்டு. அமெரிக்காவில் இருந்து பார்ப்போரால் கிடைக்கும் வருவாய்ப் பங்கில் 2021 சூன் முதல் அந்நாட்டு வரி பிடிக்கப்படுகிறது. யூடியூப் கேட்கும் வரிப் படிவத்தை நிரப்பாது விட்டவருக்கு, எந்நாட்டார் பார்த்த வருவாயாயினும் முழுவதிலும் 24 வீதம் வரை பிடிக்க இடமுண்டு. இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இரட்டை வரியைத் தவிர்க்கும் உடன்படிக்கை 2004 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் நாட்டு வரி இலக்கத்தைப் படிவத்திலே குறித்து உடன்படிக்கையின் சலுகையைக் கோரினால், அமெரிக்கப் பார்வையாளரின் பங்குக்கு மட்டுமே, அதுவும் குறைந்த வீதத்தில் வரி பிடிக்கப்படும். அங்கே கொடுத்த வரிக்கு இங்கே உரிய அளவு கழிவு கோரவும் வழியுண்டு. படிவமொன்றை நிரப்பும் அரைமணி நேரச் சோம்பலால் ஆண்டு முழுவதும் உழைப்பின் பகுதியை இழப்பானேன்?

செலவுக் கணக்கையும் மறக்கலாகாது. இணையக் கட்டணம், படப்பிடிப்புக்குச் சென்ற பேருந்துச் செலவு, காணொளியைச் செம்மை செய்தவருக்குக் கொடுத்த கூலி ஆகியவை தொழிற் செலவுகள். கணினி போன்ற நீடித்து உழைக்கும் பொருளின் விலையை ஒரே ஆண்டிற் கழிக்க முடியாது. ஐந்தாண்டுகளுக்குப் பகிர வேண்டும். 3 இலட்சம் ரூபாக் கணினியாயின் ஆண்டுக்கு 60,000 ரூபா. வீட்டுக்கும் தொழிலுக்கும் பொதுவான செலவிலே தொழிலுக்குரிய பங்கை மட்டுமே எழுதலாம். தங்கையின் பூப்புனித நீராட்டு விழாவைப் படம்பிடித்து வெளியிட்டமையால் விழாச் செலவெல்லாம் தொழிற் செலவாகிவிடாது. பற்றுச்சீட்டுகளை உறையிலிட்டுத் திங்கள்தோறும் கட்டி, ஐந்தாண்டுகளுக்கேனும் பேணி வைத்தல் நன்று. லயத்துக் கூரை ஒழுகுமாயின் அவற்றைத் தொலைபேசியிலே படம்பிடித்து வைப்பதும் தக்கதே.

இனி, மிகவும் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்று. தமக்கென வங்கிக் கணக்கோ முகவரிச் சான்றோ இல்லாத காரணத்தால், கொழும்பிலே இருக்கும் மாமன் பெயரிலோ நண்பன் பெயரிலோ பணத்தை வருவிப்போர் உளர். இதனால் இருவருக்கும் கேடு. பணம் பெற்றவர் தமதல்லாத வருவாய்க்கு விடை கூற நேரும். உழைத்தவரிடமோ உழைப்புக்குச் சான்று இருக்காது. நாளை வீடு கட்டக் கடன் கேட்கும்போதும், வெளிநாடு செல்ல விசாக் கேட்கும்போதும், வருவாய்க்குச் சான்று எங்கே என்றே முதலில் வினவுவர். தன் பெயரிலே வங்கிக் கணக்கும், தன் பெயரிலே வரி இலக்கமும், ஆண்டுதோறும் கொடுத்த விபரத்திரட்டும் உடையவர் தலைநிமிர்ந்து விடை கூறலாம். வரி கட்டும் அளவுக்கு வருவாய் எட்டாதவரும் இலக்கத்தைப் பெற்று வைப்பது நன்மையே. இலக்கம் பெற்ற அளவிலே வரி விதிக்கப்பட்டுவிடுமென்பது வீண் அச்சம்.

முதுமையையும் எண்ணிப் பாருங்கள். தோட்டத்திலே வேலை செய்யும் தாய்க்குச் சேமலாப நிதிக்கென அவருடைய சம்பளத்தில் 8 வீதம் கழிகிறது. வேலை கொடுப்போர் 12 வீதம் சேர்க்கின்றனர். நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதம் சேர்கிறது. 2024 செப்டெம்பரிலே 1,350 ரூபாவென வகுக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளத்திலிருந்தும் இவ்வாறு முதுமைக்கு ஒரு கைப்பிடி சேர்ந்தது. தாயின் சம்பளத்தைப் போலப் பன்மடங்கு ஈட்டும் மகனுக்கு அப்படிச் சேர்த்து வைக்க எவரும் இல்லை. தானே தனக்கு முதலாளி. ஆதலால் இரு பங்கையும் தானே போட வேண்டும். வரிக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு, முதுமைக்கு ஒரு கணக்கு என மூன்றாகப் பிரித்து வாழப் பழகுவதே இத்தொழிலில் நிலைத்து நிற்கும் வழி.

மலையக மக்கள் வரிக்குப் புதியவரல்லர். கடையிலே வாங்கும் பொருளோடு சேர்ந்த வரியை அவர்கள் என்றுமே கொடுத்து வந்துள்ளனர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் உரிமை இழந்து நின்ற காலத்திலும் கொடுத்தனர். 2003 ஆம் ஆண்டின் சட்டத்தால் எஞ்சியோரும் குடியுரிமை பெற வழி பிறந்த பின்னரும் கொடுத்தனர். ஆனால் அவ்வரி பெயரற்ற வரி. கொடுத்தவர் யாரென்று எந்த ஏடும் சொல்லாது. வருமானவரியோ பெயரோடு கொடுக்கும் வரி. இன்னாருடைய மகள், இன்ன ஊரிலிருந்து, இவ்வளவு ஈட்டி, இவ்வளவு கொடுத்தாள் என்று அரசின் ஏட்டிலே பதிவாகிறது. தெருவைத் திருத்துக, பள்ளிக்கு ஆசிரியரை அனுப்புக என்று கேட்கும் உரிமை எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு. எனினும் கணக்கை ஏந்திய கையோடு கேட்கும் குரலுக்குத் தனியொரு உறுதி உண்டன்றோ?

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி. இணையத்திலே ஈட்டினாலும் எழுதி வையுங்கள். இன்றிரவே நாற்பது பக்க அப்பியாசக் கொப்பியொன்றை எடுத்துத் திகதி, வரவு, செலவு, ஒதுக்கியது என நான்கு கோடுகள் இழுங்கள். சென்ற ஏப்ரிலிலிருந்து தொடங்குங்கள். ஐயமிருப்பின் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் அண்மைக் கிளையிலே கேட்டுத் தெளியுங்கள். சட்டங்களும் வீதங்களும் ஆண்டுக்காண்டு மாறக்கூடும். எழுதிய கணக்கு உள்ளவருக்கு எந்த மாற்றமும் பெருஞ்சுமையாகாது.