மாவட்டக் குழுவில் நமக்கொரு நாற்காலி



2004 பிப்ரவரி வரைக்கும் நம் நாட்றாம்பாளையம் தர்மபுரி மாவட்டம். வாச்சாத்தியும் தர்மபுரி மாவட்டம். 1992 ஜூன் 20-ஆம் தேதி வாச்சாத்திக்குள் அரசு ஆட்கள் நுழைந்தபோது, அந்த ஊருக்கும் நமக்கும் ஒரே கலெக்டர், ஒரே எஸ்.பி. ஆகவே அதை யாருடைய கதையோ போல என்னால் சொல்ல முடியாது.

சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து போயின. ஆலமரத்தடியில் ஊரையே கூட்டி வைத்து அடித்தார்கள். பதினெட்டுப் பெண்களைச் சீரழித்தார்கள். அதில் சிறுமியும் உண்டு. வீடுகளை இடித்தார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், கிணற்றுத் தண்ணீரைக்கூட விட்டுவைக்கவில்லை. அத்தனைக்கும் அந்த மக்கள் செய்த குற்றம், மலையாளிப் பழங்குடியாகப் பிறந்து காட்டோரம் குடியிருந்தது.

புகாரை அரூர் போலீஸ் வாங்கவில்லை. இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். அன்றைக்கு ஒரு காகிதத்தை வாங்கி முத்திரை குத்தியிருந்தால் முடிந்திருக்க வேண்டிய வேலை. வாங்காததால் மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. 1995-இல் உயர் நீதிமன்றம் சொல்லித்தான் வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29-இல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொல்வதற்குள் 54 பேர் செத்தே போனார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. ஒருவர்கூட விடுதலையாகவில்லை! மேல்முறையீட்டில் நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29-இல் தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னார். அதோடு விடவில்லை. அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுங்கள் என்றார்.

முப்பத்தொரு வருஷம். தாலி கட்டாத பெண்ணாக அடிபட்டவள் பாட்டியாகித் தீர்ப்பைக் கேட்டாள்.

அது பழைய காலம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2023 ஜூனில் நம் மாவட்டத்திலேயே, மத்தூர் அருகே புளியாண்டப்பட்டியிலிருந்து குறவர் குடும்பத்தாரைச் சித்தூர் போலீஸ் கொண்டுபோய் சித்திரவதை செய்ததாகப் புகார் வந்தது. எல்லைப்புறத்தில் இருப்பவர்கள் நாம். இந்தப் பக்கம் கர்நாடகம், அந்தப் பக்கம் ஆந்திரம். எந்த மாநில ஜீப் வருகிறது என்பதுகூடத் தெரியாமல் ஆளைப் பறிகொடுக்கிற ஊர்கள் நம்முடையவை. வீரப்பனைத் தேடிய காலத்தில் மாதேஸ்வரன் மலை முகாமில் என்ன நடந்தது என்று இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சித்திரவதைப் புகார்களைச் சதாசிவா குழு விசாரித்து, 2007-இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது.

போலீஸ் செய்ததற்கு உள்ளாட்சி பதில் சொன்ன ஓர் ஊரையும் பாருங்கள். அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தில் 2020-இல் ஜார்ஜ் ஃப்ளாய்டைப் போலீஸ்காரர் முழங்காலால் அழுத்திக் கொன்றார். அங்கே போலீஸ் நகர நிர்வாகத்தின் கீழ் வேலை செய்கிறது. அதனால் அடுத்த வருஷமே நகரசபை கூடி அந்தக் குடும்பத்துக்கு 2 கோடியே 70 லட்சம் டாலர் கொடுக்க ஓட்டுப் போட்டது. நம் ஊராட்சிக்கு அந்த அதிகாரம் இல்லை. போலீஸ் மாநில அரசின் கையில். ஆனால் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

2020 டிசம்பர் 2-இல் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையத்திலும் கேமரா வைக்கச் சொன்னது. உள்ளே அடிபட்டவர் அந்தப் பதிவை அழிக்காமல் பத்திரப்படுத்தச் சொல்லிக் கேட்கலாம். கேமராக்கள் ஓடுகின்றனவா என்று பார்க்க மாவட்டத்துக்கு ஒரு குழு. அதில் கலெக்டர், எஸ்.பி.யோடு கிராமப்புறத்துக்காக மாவட்ட ஊராட்சித் தலைவருக்கும் ஓர் இடம் உண்டு. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் தேர்ந்தெடுத்தவர் எஸ்.பி.க்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கேமரா ஏன் ஓடவில்லை என்று கேட்கலாம். நம் மாவட்டத்தில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தேர்தல் தள்ளிப்போவதால் தெருவிளக்கும் குடிநீரும் மட்டும்தான் கெடும் என்றா நினைக்கிறீர்கள்? கேள்வி கேட்க வேண்டிய அந்த நாற்காலியும் காலியாகிறது.

இன்னொன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி, கலெக்டர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். அதில் தாழ்த்தப்பட்ட, பழங்குடிச் சமூகங்களிலிருந்து அதிகாரி அல்லாதவர்களும் உட்காருவார்கள். புகாரை வேண்டுமென்றே பதிவு செய்யாத அதிகாரிக்கு அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் சிறைத்தண்டனை இருக்கிறது. அரூரில் அன்று நடந்ததற்கு இந்தப் பிரிவுதான் பதில்.

போலீஸ் மீதான புகாரை விசாரிக்கும் ஆணையம் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் இருக்க வேண்டும் என்று 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் மாநிலம் 2013-இல் சட்டம் போட்டு, மாவட்டத்தில் கலெக்டரைத் தலைவராகவும் எஸ்.பி.யை உறுப்பினராகவும் வைத்தது. எஸ்.பி.யின் ஆட்கள் மேல் புகார், விசாரிக்கும் இடத்தில் எஸ்.பி. இதை நான் ஏற்கவில்லை. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் ஏற்க மாட்டேன்.

அடுத்த கிராம சபையில் ஒரு தீர்மானம் போடுவோம். நம் காவல் நிலையத்தில் கேமரா ஓடுகிறதா, எத்தனை மாதப் பதிவு இருக்கிறது? கண்காணிப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது, அதில் இருளர் பழங்குடியினர் யாராவது இருக்கிறார்களா? மனு கொடுத்தால் ரசீது தருகிறார்களா? இந்தக் கேள்விகளுக்குக் கலெக்டர் எழுத்தில் பதில் தர வேண்டும். புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதி வேண்டும், ஊராட்சித் தேர்தல் உடனே வேண்டும் என்பதையும் சேர்ப்போம். வாசகத்தைத் தமிழில் எழுதி எடுத்து வந்திருக்கிறேன். கன்னடமும் தெலுங்கும் பேசுகிற வீடுகளில் அதை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும். முன்மொழிய ஒரு பெண் எழுந்து நிற்க வேண்டும் என்பது என் ஆசை. பெயர் கொடுக்கிறவர்கள் மேடைக்கு இடது பக்கம் வாருங்கள், நோட்டு அங்கே இருக்கிறது.