இயற்பியல் படிக்கும் பிள்ளைக்கு இன்னும் இரண்டு ஆண்டு

(யூபிலி ஆண்டு இளையோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலும், திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலும் நம் பிள்ளைகள் இயற்பியல் படிக்கிறார்கள். (பெரியவர்களுக்குப் பௌதிகம் என்றால்தான் விளங்கும்.) "வேறு இடம் கிடைக்கவில்லை சாமி, இதில் சேர்த்துவிட்டோம்" என்று பெற்றோர் நம்மிடம் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது. தாழ வேண்டிய காரணம் ஒன்றுமில்லை.

2023 ஆகஸ்டு 23-ஆம் நாள் நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் திரு. ப. வீரமுத்துவேல், விழுப்புரத்து இரயில்வே ஊழியர் ஒருவரின் மகன். அவர் படித்தது இயந்திரப் பொறியியல், இயற்பியல் அன்று, அதை மறைக்கலாகாது. ஆனால் அவர் ஏறிய படிகளைப் பாருங்கள். டிப்ளமோவில் தொடங்கி, பி.இ., எம்.டெக்., பிறகு சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம். நாமோ நம் பிள்ளைகளை முதற்படியிலேயே நிறுத்திவிடுகிறோம். பெண்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம், பி.எஸ்ஸி. முடிந்த வைகாசியில் ஓலை வாசிக்கச் சொல்லி வந்து நிற்கிறீர்கள்!

பி.எஸ்ஸி.யோடு வேலையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. வானிலை ஆய்வுத் துறையில் அறிவியல் உதவியாளர் பணி உண்டு. விமானங்களுக்கு வழிகாட்டும் கட்டுப்பாட்டுப் பணி உண்டு. அதற்கு இயற்பியலோடு கணிதமும் வேண்டும். துணைப்பாடந்தானே என்று கணிதத்தைத் தள்ளிவைக்கும் தம்பிமார் கவனிக்க. பி.எட். முடித்தால் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆனால் எம்.எஸ்ஸி. முடித்தவனுக்குத் திறக்கும் கதவுகளே வேறு. கல்பாக்கம் திண்டிவனத்துக்கு எவ்வளவு தூரம்? அங்குள்ள அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளியில் எம்.எஸ்ஸி. படித்தவர்களையும் எடுக்கிறார்கள்.

இன்னொரு பணியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நம் பங்கிலிருந்து புற்றுநோய்க்காகப் புதுச்சேரி ஜிப்மருக்கும் சென்னை அடையாறுக்கும் போகிறவர்கள் உண்டு. அங்கே கதிர்சிகிச்சை கொடுக்கிறார்கள். எவ்வளவு கதிர் வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்கிறார். அந்தக் கதிர் கட்டியின்மேல் முழுமையாக விழவேண்டும். பக்கத்திலுள்ள தண்டுவடத்தையும் நுரையீரலையும் கூடியவரை தொடக்கூடாது. எந்தத் திசையிலிருந்து, எத்தனை நேரம் என்று கணக்கிட்டு, இயந்திரம் சொன்ன அளவுதான் தருகிறதா என்று அளந்து பார்ப்பவர் மருத்துவ இயற்பியலாளர். அவர் இல்லாமல் அந்த இயந்திரத்தை இயக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அனுமதிப்பதில்லை. அவர் டாக்டருக்குப் படித்தவர் அல்லர். எம்.எஸ்ஸி. இயற்பியலுக்குப் பின் கதிரியக்க இயற்பியலில் ஒரு பட்டயமும், மருத்துவமனையில் ஓராண்டுப் பயிற்சியும் பெற்றவர். எம்.எஸ்ஸி.யிலேயே மருத்துவ இயற்பியல் எடுத்தும் படிக்கலாம். நோயாளிக்காகச் செபிக்கிறோம், நல்லது. அந்த அறையில் வேலை செய்யவும் நம் வீட்டிலிருந்து ஒரு மகளை அனுப்பலாமே?

விஞ்ஞானம் படித்தால் விசுவாசம் போய்விடும் என்று அஞ்சும் தாய்மாருக்கு ஒரு சொல். பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது என்று 1927-இல் கணித்து எழுதிய பெல்ஜிய நாட்டு ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு.

ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர 'ஜாம்' என்றொரு நுழைவுத் தேர்வு உண்டு. எந்தக் கல்லூரி மாணவரும் எழுதலாம். மூன்றாம் ஆண்டு தொடக்கத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். நம்மவர் பலர் பட்டம் வாங்கிய பிறகுதான் விசாரிக்கிறார்கள். ஆகவே இரண்டாம், மூன்றாம் ஆண்டு பிள்ளைகள் வருகிற ஞாயிறு பூசைக்குப் பின் மதிப்பெண் பட்டியலோடு பங்கு இல்லத்துக்கு வரட்டும். தகப்பனாரும் கூட வரவேண்டும். செலவுக் கணக்கை அவரோடுதான் பேசவேண்டும்.