வட அயர்லாந்தின் கூட்டு மந்திரிசபை

தேர்தலில் வென்றோர் ஆள்வதும் தோற்றோர் எதிர்வரிசையில் அமர்வதும் பாராளுமன்ற மரபு. இன்று தோற்றவர் நாளை வெல்லலாம் என்னும் நம்பிக்கையே அம்மரபின் உயிர். அந்நம்பிக்கைக்கு இடமில்லாத நாட்டில் யாது செய்வது? வட அயர்லாந்து கண்ட விடையை இன்று ஆராய்வோம்.

1921ஆம் ஆண்டு அங்கே தனிப் பாராளுமன்றம் நிறுவப்பட்டது. பிரித்தானியாவுடன் இணைந்திருக்க விரும்பியோர் பெரும்பான்மையினர். அவர்களுட் பெரும்பாலார் புரட்டஸ்தாந்தர். ஐக்கிய அயர்லாந்தை விரும்பிய சிறுபான்மையினர் பெரும்பாலும் கத்தோலிக்கர். 1972இல் அம்மன்றம் இடைநிறுத்தப்படும்வரை ஒரே கட்சியே ஐம்பது ஆண்டுகள் ஆண்டது. 1974இல் அமைந்த கூட்டு மந்திரிசபையோ, வேலைநிறுத்தமொன்றினால் ஐந்தே மாதங்களிற் கவிழ்ந்தது.

1998 ஏப்ரல் 10ஆம் நாள் எய்தப்பட்ட உடன்படிக்கை புதுவழி வகுத்தது. முதலமைச்சர் ஒரு சமூகத்தவராயின் உப முதலமைச்சர் மற்றச் சமூகத்தவர். பெயரில் ஏற்றத்தாழ்வு தோன்றினும் இருவர்க்கும் அதிகாரம் ஒன்றே. ஒருவர் விலகின் மற்றவரும் பதவியில் நீடித்தல் இயலாது.

ஏனைய அமைச்சுகளுட் பெரும்பாலானவற்றைப் பேரம்பேசிப் பெறுவதில்லை, கணக்கே பங்கிடுகிறது. ஒரு கட்சியின் ஆசனத் தொகையை, அது ஏற்கெனவே பெற்ற அமைச்சுகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வகுக்கவேண்டும். ஈவு மிகுந்த கட்சி அடுத்த அமைச்சைத் தானே தெரிவுசெய்யும். 1998ஆம் ஆண்டுத் தேர்தலில் நான்கு பெரிய கட்சிகள் முறையே 28, 24, 20, 18 ஆசனங்களைப் பெற்றன. முதல் நான்கு அமைச்சுகளும் கட்சிக்கு ஒன்றாகச் சென்றன. பின்னர் 28ஐ இரண்டால் வகுக்க 14. ஆகவே ஐந்தாவது அமைச்சு மீண்டும் முதற் கட்சிக்கு. இவ்வாறே பத்து அமைச்சுகளும் 3, 3, 2, 2 எனப் பங்காயின. 1999 டிசம்பரில் அம்மந்திரிசபை பொறுப்பேற்றபோது, முன்னாள் ஆயுதப் போராளியான மார்ட்டின் மக்கினஸ் கல்வியமைச்சரானார். ஆயுதத்தைக் கைவிட்டோர்க்கு ஆட்சியில் இடமுண்டு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

எனினும், இம்முறையின் வலிமையே இதன் நலிவுமாகும். இருவரும் இணைந்தாலன்றி ஆட்சியில்லை. ஆதலின் ஒருவர் மறுப்பினும் ஆட்சி முடங்கும். 2002 முதல் 2007 வரையும், 2017 முதல் 2020 வரையும், மீண்டும் 2022 முதல் 2024 வரையும் அவ்வாறே நிகழ்ந்தது. அக்காலங்களிற் கட்சிகளின் பிணக்குக்கு விலை கொடுத்தோர், வைத்தியசாலைகளிற் காத்திருந்த இரு சமூகத்து நோயாளரே.

ஆயினும், 2024 பெப்ரவரி 3ஆம் நாள் மிசேல் ஓநீல் முதலமைச்சரானார். ஐக்கிய அயர்லாந்தை வேண்டுவோருள் அப்பதவியை முதன்முதல் ஏற்றவர் அவரே. இணைப்பை விரும்பும் கட்சியினரான எம்மா லிட்டில்-பெங்கெலி உப முதலமைச்சராக அவரருகே அமர்ந்தார். சமூக ஜனநாயகத் தொழிற் கட்சி எதிர்க்கட்சியாயிற்று. ஐம்பது ஆண்டுகள் அசையாதிருந்த ஆசனங்கள் அமைதியாக இடம்மாறின.

நேயர்களே, எதிரெதிர் நின்றோரை ஒரே மேசையில் அமர்த்தக் கணக்கு வல்லது. அமர்ந்தவர் எழுந்து போகாதிருக்கச் செய்வது கணக்கன்று, மனமே. சட்டம் இடத்தைத்தான் தரும். இணக்கத்தை மக்கள்தாம் தேடிக்கொள்ள வேண்டும்.