ஆராய்ச்சி மாணவர் சங்கம்: ஆட்சிமுறையும் பிரதிநிதித்துவமும்

(மாணவர் நலப் பொறுப்பில் உள்ள அலுவலர்களும் முதுகலை மாணவர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

கல்லூரி மாணவர் சங்கம் என்றதும் பலருடைய மனக்கண்முன் தோன்றுவது ஆண்டு விழாவும், சுவரொட்டியும், எப்போதேனும் ஒரு வேலைநிறுத்தமும்தான். மூன்றாண்டுகளில் பட்டம் பெற்று வெளியேறிவிடும் இளநிலை மாணவர்களைப் பொறுத்தவரை இது ஓரளவு சரியாகவும் இருக்கலாம். ஆராய்ச்சி மாணவருடைய நிலை வேறு. அவர் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் பல்கலைக் கழகத்தினுள் நுழைகிறார். ஐந்து, ஆறு ஆண்டுகள் அங்கேயே தங்குகிறார். சிலர் அதற்குள் மணமாகிக் குடும்பப் பொறுப்பையும் ஏற்றுவிடுகின்றனர். அவருடைய ஆய்வேடு, மாத உதவித்தொகைக்கான கையொப்பம், பிற்காலத்தில் வேலைக்குத் தேவைப்படும் பரிந்துரைக் கடிதம் ஆகிய மூன்றும் ஒரே நெறியாளருடைய கையில் இருக்கின்றன. அவர் வகுப்பு நடத்துகிறார், ஆய்வுக் கூடத்தைப் பராமரிக்கிறார். எனினும் ஊழியர் அல்லர். ஆகவே, பணி விதிகளின் பாதுகாப்பு அவருக்கு இல்லை. சாதாரண மாணவருக்குள்ள விடுமுறையும் இல்லை.

இத்தகைய ஒருவர் தம் குறையைத் தனியாக எடுத்துச் சொல்வது எளிதன்று. நெறியாளரைப் பற்றிய புகாரை அந்த நெறியாளர் வழியாகவே மேலிடத்திற்கு அனுப்பவேண்டிய விசித்திரமான நிலை பல துறைகளில் உண்டு. அவரது பெயரைச் சொல்லாமல் அவரது குறையைச் சொல்லக்கூடிய ஓர் அமைப்புத் தேவைப்படுவது இதனால்தான். சங்கம் அமைக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19-வது பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் வழங்கியுள்ளது. அந்த உரிமையைக் கொண்டு அமைக்கப்பட்ட சங்கம் தன்னைத் தானே எவ்வாறு ஆண்டுகொள்கிறது என்பதே ஆராயத்தக்க விஷயம்.

மாணவர்கள் எழுதிய சட்டம்

தில்லியிலுள்ள ஜவாஹர்லால் நேரு பல்கலைக் கழகம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. 1966-ம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி 1969-ல் செயற்படத் தொடங்கிய இப்பல்கலைக் கழகத்தில் இளநிலைப் படிப்பு என்பது பல்லாண்டுகள் அயல் மொழிகளுக்கு மட்டுமே இருந்தது. எஞ்சியோர் எல்லாரும் முதுகலை மாணவர்கள் அல்லது ஆராய்ச்சி மாணவர்கள். எனவே, இங்குள்ள மாணவர் சங்கம் பெயரில் பொதுவானதாயினும் தன்மையில் பெரும்பாலும் பட்டதாரி மாணவர்களின் சங்கமே.

1971-ம் ஆண்டில் இச்சங்கம் அமைந்தபோது அதன் அமைப்புச் சட்டத்தை மாணவர்களே எழுதிக்கொண்டனர். தலைவர், துணைத் தலைவர், பொதுச் செயலாளர், இணைச் செயலாளர் ஆகிய நால்வரையும் எல்லா மாணவர்களும் நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். ஒவ்வொரு புலத்திலிருந்தும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். இவ்விரு தரப்பினரும் சேர்ந்ததே கவுன்சில். ஆனால் கவுன்சில் இறுதி அதிகாரம் பெற்ற அமைப்பன்று. அனைத்து மாணவர்களும் கூடும் பொதுக்குழுக் கூட்டம் அதற்கு மேலானது. புலந்தோறும் தனிப் பொதுக்குழுவும் உண்டு. பதவிக் காலம் முடியும் கவுன்சிலர்கள் அங்கே எழுந்து நின்று தாங்கள் செய்ததையும் செய்யத் தவறியதையும் அறிக்கையாகப் படிக்கவேண்டும். கேள்வி கேட்போருக்குக் குறைவிராது. பேராசிரியராகப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் சுலபமாகவும் இரா.

தேர்தலை நடத்துவதும் மாணவர்களே. தலைமைத் தேர்தல் ஆணையர் ஒரு மாணவர். அவரோடு பணியாற்றும் ஆணைய உறுப்பினர்களும் மாணவர்கள். வேட்பு மனுவைப் பரிசீலிப்பது முதல் வாக்குச் சீட்டுகளை எண்ணி முடிவை அறிவிப்பதுவரை எல்லாப் பொறுப்பும் இவர்களுடையது. எண்ணிக்கை ஒரு பகல் ஓர் இரவைத் தாண்டியும் நீள்வதுண்டு. வாக்குப் பதிவிற்கு முன் தலைவர் பதவிக்கான வேட்பாளர்கள் ஒரே மேடையில் பேசி, ஒருவரையொருவர் வினவி, கூட்டத்தினரின் வினாக்களுக்கும் விடையளிக்கின்றனர். பணம் படைத்தவருக்கு இம்முறையில் தனிச் சலுகை ஏதுமில்லை. பேசத் தெரிந்தவருக்கு உண்டு. பேச்சு வன்மையும் நிர்வாகத் திறனும் ஒருவரிடமே அமைவது அரிது என்பதைச் சங்கத்தின் வரலாறு பலமுறை காட்டியிருக்கிறது என்றாலும், பணத்தை விடப் பேச்சு மேலான அளவுகோல் என்பதை மறுப்பதற்கில்லை.

குறைகளும் உள்ளன. பொதுக்குழுக் கூட்டங்கள் நள்ளிரவைத் தாண்டும். அதுவரை அமர்ந்திருக்கக் கூடியவர்கள் யார்? விடுதியில் தங்கியிருப்போர், காலையில் ஆய்வுக் கூடம் செல்ல வேண்டாதோர். வெளியிலிருந்து பேருந்தில் வரும் மாணவியும், கைக்குழந்தை உள்ள ஆய்வாளரும், சோதனையைப் பாதியில் விட்டுவர இயலாத அறிவியல் மாணவரும் வாக்கெடுப்பு நேரத்தில் அங்கிருப்பதில்லை. நேரடி மக்களாட்சி என்பது நேரம் உள்ளவர்களின் ஆட்சியாக மாறிவிடும் அபாயம் இதில் இருக்கிறது.

சங்கம் அமரும் இடங்கள்

பிரதிநிதித்துவம் என்பது கோரிக்கை மனு அளிப்பதோடு முடிவதன்று. முடிவு எடுக்கப்படும் மேசையில் ஓர் இருக்கை வேண்டும். இப்பல்கலைக் கழகத்தின் ஒவ்வொரு மையத்திலும் மாணவர்-ஆசிரியர் குழு என்ற ஒன்று அமைவதுண்டு. பாடத்திட்டம், தேர்வு முறை, நூலக வசதி போன்றவை அங்கே விவாதிக்கப்படும். விடுதிகளில் மெஸ் நிர்வாகத்தை மாணவர்கள் தேர்ந்தெடுத்த குழு கவனிக்கிறது. காய்கறி விலையிலிருந்து கணக்குப் புத்தகம்வரை பார்க்கவேண்டிய அந்தப் பொறுப்பு, பின்னாளில் மாவட்ட நிர்வாகத்திற்குச் செல்லும் மாணவருக்கு எந்தப் பயிற்சி வகுப்பையும் விடப் பயன்படும்.

பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்க 1999-ம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட குழு குறிப்பிடத்தக்கது. விசாகா வழக்கில் 1997-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை ஒட்டி அமைந்த அக்குழுவில், தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் பிரதிநிதிகள் இடம்பெற்றனர். நெறியாளருக்கும் ஆய்வாளருக்கும் இடையே அதிகார ஏற்றத்தாழ்வு மிகுந்த சூழலில், விசாரிப்போருள் தம்மால் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் இருக்கிறார் என்ற நம்பிக்கை புகார் செய்யும் துணிவைத் தரும். 2017-ல் இக்குழுவிற்குப் பதிலாக 2013-ம் ஆண்டுச் சட்டத்தின்படியான உள் புகார்க் குழு அமைக்கப்பட்டபோது எழுந்த கடும் எதிர்ப்பிற்கு இதுவே காரணம். சட்டப்படி அமைந்த குழு, தேர்ந்தெடுக்கப்பட்ட குழு என்ற இரண்டில் எது நம்பிக்கைக்குரியது என்ற வினா அப்போது எழுந்தது, இன்னும் தீரவில்லை.

இன்னும் வாயிலுக்குள் நுழையாதவர்களுக்காகவும் இச்சங்கம் பேசியது என்பதே இதன் தனிச் சிறப்பு. பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வருவோருக்குச் சேர்க்கையில் கூடுதல் மதிப்பெண் வழங்கும் முறை எழுபதுகளில் நடைமுறையில் இருந்தது. 1983-ல் அது நீக்கப்பட்டது. மீண்டும் கொண்டுவரக் கோரி நடந்த முயற்சிகள் தொண்ணூறுகளில் பலனளித்தன. 2017-ல் ஆராய்ச்சிப் படிப்பிற்கான சேர்க்கையில் அம்மதிப்பெண்கள் மறுபடியும் கைவிடப்பட்டன. ஏற்கனவே இடம் பிடித்துவிட்டவர், வரப்போகிறவருக்காகப் போராடுவது தொழிற்சங்க உலகில்கூட அடிக்கடி காணக்கூடியதன்று.

லிங்டோ குழு

2005-ம் ஆண்டில், உச்ச நீதிமன்றத்தின் ஆணைக்கிணங்க, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே. எம். லிங்டோ தலைமையில் மாணவர் தேர்தல்களை ஆராய ஒரு குழு நியமிக்கப்பட்டது. அதன் பரிந்துரைகளை 2006 செப்டம்பர் 22-ல் நீதிமன்றம் ஏற்று நடைமுறைப்படுத்தப் பணித்தது. வேட்பாளர் ஒருவர் ரூ. 5,000-க்கு மேல் செலவிடலாகாது. அச்சிட்ட சுவரொட்டி கூடாது. 75 சதவீத வருகைப் பதிவு வேண்டும். பொறுப்பாளர் பதவிக்கு ஒரு முறை மட்டுமே போட்டியிடலாம். ஆராய்ச்சி மாணவருக்கு வயது வரம்பு 28 என்பன அவற்றுள் சில. பல மாநிலங்களில் பணபலமும் அடியாள் பலமும் மாணவர் தேர்தலைச் சீரழித்திருந்த நிலையில் இவ்விதிகள் அவசியமாயின என்பதில் ஐயமில்லை.

ஆனால் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்ற முறையில் இவை வகுக்கப்பட்டன. ஒரே வளாகத்தில் அமைந்த சிறிய பல்கலைக் கழகங்களில் நேரடித் தேர்தல் நடத்தலாம் என்று கூறிய லிங்டோ குழு, ஜவாஹர்லால் நேரு பல்கலைக் கழகத்தையே அதற்கு ஒரு மாதிரியாகக் காட்டியது. அவ்வாறு மாதிரியாகக் காட்டப்பட்ட இடத்தில்தான், விதிகள் பின்பற்றப்படவில்லை என்ற காரணத்தால், 2008 அக்டோபரில் தேர்தல் நிறுத்தி வைக்கப்பட்டது! கிராமத்துப் பள்ளியில் படித்து, இடையில் வேலை பார்த்து, தாமதமாக ஆராய்ச்சிக்கு வரும் மாணவருக்கு 28 வயது வரம்பு பொருந்தாது. வகுப்பே இல்லாத ஆய்வாளருக்கு வருகைப் பதிவு எதைக் குறிக்கும் என்பதும் தெளிவாக இல்லை. குறை தீர்க்கும் குழுவிற்கு மாணவர் நலத் தலைவரே தலைமை வகிக்க வேண்டும் என்ற விதி, மாணவர்களே நடத்தும் தேர்தல் ஆணையத்தின் தன்னாட்சியோடு மோதியது. வயது வரம்பு 30 ஆக உயர்த்தப்பட்டதை உள்ளிட்ட சில தளர்வுகளை 2011 டிசம்பரில் நீதிமன்றம் அளித்த பின்னரே, 2012 மார்ச்சில் மீண்டும் தேர்தல் நடைபெற்றது.

ஆலோசனை இன்றி எடுத்த முடிவு

2019 அக்டோபர் இறுதியில் புதிய விடுதி விதிகளுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. மாதம் ரூ. 20 ஆக இருந்த தனி அறை வாடகை ரூ. 600 ஆகவும், ரூ. 10 ஆக இருந்த இருவர் அறை வாடகை ரூ. 300 ஆகவும் உயர்ந்தன. இவற்றோடு பராமரிப்பு, மின்சாரம் ஆகிய கட்டணங்களும் சேர்ந்தன. பல்லாண்டுகளாக மாறாதிருந்த வாடகையை உயர்த்த நிர்வாகத்திற்குக் காரணங்கள் இருந்திருக்கலாம். அம்முடிவை எடுத்த கூட்டத்தில் மாணவர் பிரதிநிதிகளுக்கு இடமளிக்கப்படவில்லை என்பதே வழக்கின் மையமாயிற்று. அவ்வாண்டுச் செப்டம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட சங்கத்தை நிர்வாகம் அதுவரை முறைப்படி அறிவிக்கவில்லை. சங்கப் பொறுப்பாளர்கள் தொடுத்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2020 ஜனவரி 24-ல் பிறப்பித்த இடைக்கால ஆணை, எஞ்சிய மாணவர்கள் பழைய கட்டணத்திலேயே பதிவு செய்துகொள்ள வழி செய்தது. தெருவில் வாரக்கணக்கில் நடந்த போராட்டத்தால் அடைய முடியாததை ஒரு விதிமுறை பற்றிய வாதம் ஓரளவு அடைந்தது. இங்கே அமர்ந்துள்ள அலுவலர்கள் இதை ஊன்றிக் கவனித்தல் நலம்: கூட்ட அழைப்பை அனுப்பாததால் மிச்சமாகும் நேரத்தைப் போலப் பன்மடங்கு நேரம் பின்னர் செலவாகிறது.

வளாகத்திற்கு அப்பால்

வளாகத்தின் எல்லையைத் தாண்டியதும் ஆராய்ச்சி மாணவரின் பிரதிநிதித்துவம் மெலிந்துவிடுகிறது. உதவித்தொகையை நிர்ணயிப்பது பல்கலைக் கழகமன்று. மத்திய அரசும் பல்கலைக் கழக மானியக் குழுவும் ஆகும். தேசியத் தகுதித் தேர்வில் வென்ற இளநிலை ஆய்வாளருக்கு 2010-ல் மாதம் ரூ. 16,000 வழங்கப்பட்டது. 2014 அக்டோபர் முதல் ரூ. 25,000, 2019 ஜனவரி முதல் ரூ. 31,000, 2023 ஜனவரி முதல் ரூ. 37,000 என உயர்ந்தது. அரசு ஊழியருக்கு அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை பரிசீலிக்கப்படுகிறது. ஆய்வாளரோ நான்காண்டுகள் காத்திருக்க வேண்டும், இடையில் ஊர்வலமும் போகவேண்டும். பல நிறுவனங்களின் ஆய்வாளர்கள் ஒன்றுகூடி மனு அளித்தும் வீதியில் இறங்கியும் கேட்ட பின்னரே 2014, 2019 ஆகிய ஆண்டுகளின் உயர்வுகள் வந்தன. அவர்கள் சார்பில் பேச முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அகில இந்திய அமைப்பு எதுவும் இல்லை.

தகுதித் தேர்வு வழியே உதவித்தொகை பெறாத மத்தியப் பல்கலைக் கழக ஆய்வாளரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவருக்கு மாதம் ரூ. 8,000. 2015 அக்டோபரில் இதையும் நிறுத்த மானியக் குழு முனைந்தபோது, தில்லியில் அதன் அலுவலக வாயிலில் மாணவர்கள் நாட்கணக்கில் அமர்ந்தனர். திட்டம் தொடர்ந்தது, தொகையோ 2012-ஐ அடுத்த பத்தாண்டுகளிலும் உயரவில்லை. இருப்பதைக் காப்பாற்றத் திரண்ட கூட்டத்தால் அதை உயர்த்த இயலவில்லை. மாநிலப் பல்கலைக் கழகங்களில் இந்த எட்டாயிரமும் கிடைக்காத ஆய்வாளர் ஏராளம். அங்கே பல இடங்களில் சங்கமும் இல்லை.

தொழில்நுட்பக் கழகங்களில் வேறு வகையான ஏற்பாடு காணப்படுகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவர்களுக்கெனத் தனி அமைப்புச் சட்டமும், அவைத் தலைவரைக் கொண்ட மாணவர் சட்டப் பேரவையும் உள்ளன. ஆராய்ச்சி அலுவல்களுக்கென ஒரு செயலாளரும் தேர்ந்தெடுக்கப்படுகிறார். இளநிலை மாணவர்களின் பெருங்கூட்டத்தில் ஆய்வாளரின் குரல் அமிழ்ந்துவிடாதிருக்க இத்தகைய தனிப் பதவி உதவும். அரசியல் கட்சிகளின் நிழல் அங்கே குறைவு. வளாகத்திற்கு வெளியே உள்ள சமுதாயத்தைப் பற்றிய விவாதமும் அதற்கேற்பக் குறைவு.

ஜவாஹர்லால் நேரு பல்கலைக் கழகத்தில் 2019-க்குப் பின் நான்கரை ஆண்டுகள் தேர்தல் நடைபெறவில்லை. நோய்த்தொற்றுக் காலம் அதில் ஒரு பகுதியே. 2024 மார்ச் 22-ல் வாக்குப் பதிவு நிகழ்ந்தபோது ஏறத்தாழ 73 சதவீதத்தினர் வாக்களித்தனர். வரிசையில் நின்றவர்களுள் மிகப் பலர் அந்த வளாகத்தில் அதற்குமுன் ஒரு தேர்தலையும் கண்டவரல்லர். வாக்குச் சீட்டை எப்படி அடுக்குவது, செல்லாத வாக்கை யார் முன்னிலையில் ஒதுக்குவது, அறிக்கையைப் பொதுக்குழுவில் எந்த வரிசையில் படிப்பது என்பவற்றை ஆய்வேட்டின் இறுதிக் கட்டத்தில் இருந்த சில மூத்த மாணவர்களிடமிருந்து இளையவர்கள் கேட்டறிய வேண்டியிருந்தது. அமைப்புச் சட்டம் தாளில் இருந்தது. அதை நடத்தத் தெரிந்தவர்களோ அவ்வாண்டோ அடுத்த ஆண்டோ பட்டம் பெற்றுச் செல்லவேண்டியவர்கள்.